கடித்த பிள்ளைக்கு இரண்டரை வயது. நமக்கு எத்தனை?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது வாசித்துவிட்டுப் போங்கள்.

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணியளவில் நம்மூர் உம்மாமார் இருக்கின்ற ஒரு வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு படம் வந்தது. ஒரு சின்னப் பிள்ளையின் கை. முழங்கைக்குக் கீழே வட்டமாகப் பல் பதிந்திருந்தது. தோல் கிழியவில்லை, ஆனால் நன்றாகச் சிவந்து கன்றிப் போயிருந்தது. பார்த்த யாருக்கும் மனம் பதறும். எங்களுக்கும் பதறியது.

ளுஹருக்குள் கடித்தது யாருடைய பிள்ளை என்று பெயர் வந்துவிட்டது. அஸருக்குள் அந்தப் பிள்ளையின் வாப்பா கட்டாரில் இருப்பதும், உம்மா வீட்டில் தையல் தைப்பதும், "வளர்ப்பு சரியில்ல" என்ற தீர்ப்பும் வந்துவிட்டன. இஷாவுக்குப் பிறகு ஒரு குரல் பதிவு: "அந்தப் புள்ளய நிப்பாட்டாட்டி எங்கட புள்ளைகள நாங்க அனுப்ப மாட்டம்." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டை விரல்கள். மறுநாள் காலையில் முன்பள்ளியின் கேற் வாசலில் வைத்தே அந்தப் பிள்ளையை உம்மாவோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். தோளில் பை, கழுத்தில் தண்ணீர்ப் போத்தல், அப்படியே திரும்பிப் போனது.

அந்தப் பிள்ளைக்கு வயது இரண்டரை.

இந்தப் பதிவில் எந்தப் பிள்ளையின் பெயரும், எந்த முன்பள்ளியின் பெயரும் இல்லை. கருத்துப் பகுதியிலும் யாரும் எழுத வேண்டாம். எழுதினால் நீக்கிவிடுவோம்.

மற்றவர்களைச் சொல்வதற்கு முன்னர் எங்களைச் சொல்லிவிடுகிறோம். ஆசிரியர்களான நாங்களும் அந்தக் குழுமத்தில் இருக்கிறோம். இடைவேளை நேரம் ஒருவருடைய போனை ஒருவர் வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தோம். "யார்ட புள்ள?" என்று முதலில் கேட்டது எங்களுடைய வாய்தான். கல்வியியற் கல்லூரியில் பிள்ளை உளவியல் படித்து, பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கிய வாய். குழுமத்தில் ஒரு வார்த்தை எழுதி அதை நிறுத்தியிருக்கலாம். எழுதவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

ஒரு பிள்ளைக்கு ஒட்டப்படும் பெயர் எவ்வளவு காலம் ஒட்டியிருக்கும் என்பதை எங்களைப் போல் தரம் ஒன்றில் படிப்பிப்பவர்களிடம் கேளுங்கள். இந்த வருடம் புது மாணவர்கள் வந்த முதல் வாரத்தில் ஒரு உம்மா வகுப்பு வாசலுக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "டீச்சர், அந்தப் பொடியன எங்கட மகனுக்குப் பக்கத்துல இருத்தாதீங்க. அவன் கடிக்கிறவன்." நாங்கள் விசாரித்தோம். அந்தப் பையன் இரண்டு வயதில், ஒரு கல்யாண வீட்டில், ஒரு பிள்ளையைக் கடித்திருக்கிறான். அதற்குப் பிறகு யாரையும் கடித்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. மூன்றரை வருடம் கழித்து, அவனுக்கு முன்பாக அவனுடைய பெயர் எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவன் வந்த முதல் நாளே, யாரும் சொல்லாமல், வாங்கின் ஓரத்தில் தனியாகப் போய் இருந்தான். அது அவனுக்குப் பழக்கமான இடம் என்பது பார்த்தவுடன் விளங்கியது.

கொலைக் குற்றம் செய்தவனுக்கும் விசாரணை உண்டு, சாட்சி உண்டு, மேன்முறையீடு உண்டு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு நம்மூரில் இவை எதுவும் இல்லை.

சரி, பிள்ளை ஏன் கடிக்கிறது?

முதலில் இதை விளங்கிக்கொள்வோம். ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் கடிப்பது உலகம் முழுவதும் காணப்படுகின்ற விடயம். பணக்கார வீட்டிலும் நடக்கும், ஏழை வீட்டிலும் நடக்கும். ஆலிமுடைய வீட்டிலும் நடக்கும், டொக்டருடைய வீட்டிலும் நடக்கும். எங்கள் வீடுகளிலும் நடந்திருக்கிறது. நல்ல வளர்ப்பா, கெட்ட வளர்ப்பா என்று அதை வைத்து அளக்க முடியாது.

கைக்குழந்தைக்கு உலகத்தை அறியும் முதல் கருவி வாய். கிலுக்கு, செருப்பு, போன் கவர், உம்மாவின் தோள் எல்லாம் வாய்க்குப் போகும். ஆறு மாதமளவில் பல் முளைக்கத் தொடங்குகிறது. ஒரு வயதுக்குப் பிறகு கடைவாய்ப் பற்கள் வருகின்றன. கடைசிக் கடைவாய்ப் பற்கள் மூன்று வயதை நெருங்கும் வரைக்கும் முளைக்கும். முரசு ஊறும்போது எதையாவது கடித்தால் சுகம். அது பிளாஸ்டிக் வளையமா, பக்கத்திலிருக்கும் பிள்ளையின் கையா என்ற வேறுபாடு அந்த நேரத்தில் அதற்குப் பெரிதில்லை.

அடுத்தது பேச்சு. இரண்டு வயதுப் பிள்ளை "தண்ணி தா", "உம்மா வா" என்று இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசும். ஆனால் அதன் மனதுக்குள் இருப்பது இரண்டு சொல் அல்ல. "அது நான் எடுத்து வெச்ச கார், நீ பறிச்சா எனக்குக் கோவம் வருது, நீ இவ்வளவு கிட்ட வந்து நிக்கிறது எனக்குப் பிடிக்கல, எனக்கு நித்திரை வருது, இங்க சத்தம் கூட" என்று அவ்வளவும் இருக்கிறது. சொல்ல வாயில் வார்த்தை இல்லை, பல் மட்டும்தான் இருக்கிறது. பேச முடியாத ஆத்திரம் பல்லால் வருகிறது.

மூன்றாவது, கட்டுப்பாடு. கோபம் வந்தாலும் கையை அடக்கு, வாயை அடக்கு என்று சொல்கின்ற பகுதி மூளையின் முன்பக்கத்தில் இருக்கிறது. மூளையில் கடைசியாக முதிர்ச்சி அடைவது அதுதான். இருபது வயது தாண்டியும் அது வளர்ந்துகொண்டே இருக்கிறது. நாற்பது வயதில் பள்ளி மீட்டிங்கில் மேசையைக் குத்துகின்ற நாம், இரண்டரை வயதுப் பிள்ளையிடம் பொறுமை இல்லையென்று கவலைப்படுகிறோம்.

நான்காவது, சில பிள்ளைகள் கோபமே இல்லாமல் கடிக்கும். சந்தோசம் கூடினாலும் கடிக்கும். கடித்தால் மற்றப் பிள்ளை கத்துகிறது, பெரியவர்கள் எல்லாம் ஓடி வருகிறார்கள் என்பதை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், சுவிட்சைப் போட்டால் லைட் எரிவது போல அதைத் திரும்பவும் செய்து பார்க்கும்.

ஐந்தாவது, நாம் சொல்லிக் கொடுப்பது. மச்சானும் சாச்சாவும் வந்தால் கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையின் கன்னத்தை என்ன செய்கிறார்கள்? செல்லமாகக் கடிக்கிறார்கள். கையைக் கடிக்கிறார்கள், காலைக் கடிக்கிறார்கள், பிள்ளை சிரிக்கிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். கடிப்பது விளையாட்டு என்று அந்தப் பிள்ளைக்குப் படிப்பித்தது யார்?

வீட்டில் ஏதும் மாறினாலும் கடிப்பது கூடும். புதுத் தம்பியோ தங்கச்சியோ பிறந்தால், வீடு மாறினால், வாப்பா வெளிநாடு போனால். போன கிழமை திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளையின் வாப்பா லீவு முடிந்து எயார்போட்டுக்குப் போய் இரண்டு கிழமைதான். இதை அந்தக் குழுமத்தில் யாரும் எழுதவில்லை.

இவ்வளவுக்கும் நம்மிடம் இருக்கின்ற மருந்துகளைப் பாருங்கள்.

முதல் மருந்து கொச்சிக்காய். கடித்த வாயில் கொச்சிக்காய்த் தூளைத் தேய்ப்பது. உதடு எரியும், அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தால் கண் எரியும், தொண்டைக்குள் போனால் மூச்சுத் திணறும். அந்தப் பிள்ளைக்கு "கடித்ததனால் எரிகிறது" என்று விளங்காது. "எனக்குச் சோறு தீத்துகின்ற கைதான் என் வாயை எரிக்கிறது" என்று மட்டும் விளங்கும்.

இரண்டாவது மருந்து, திருப்பிக் கடிப்பது. "வலி எப்படியெண்டு அவனுக்கும் தெரியட்டும்." இதைப் படித்தவர்களும் சொல்கிறார்கள். வளர்ந்த ஆள் ஒருவர் இரண்டு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கடிக்கின்ற காட்சியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிள்ளை அதில் படிப்பது ஒன்றே ஒன்று: கடிக்கலாம், ஆனால் கடிக்கிறவர் பெரியவராக இருக்க வேண்டும்.

மூன்றாவது அடி. அடி வாங்கிய பிள்ளை அந்த நேரம் நிறுத்தும், உண்மைதான். ஆனால் கோபம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லையே? கோபம் வந்தால் அடிக்கலாம் என்று நாம் செய்தல்லவா காட்டினோம்? பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை சொல்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு நாங்கள் வகுப்பில் செய்யக்கூடாததை, இரண்டு வயதுப் பிள்ளைக்கு வீட்டிலும் முன்பள்ளியிலும் செய்வது எப்படி நியாயமாகும்?

நான்காவது பெயர் வைப்பது. "கடியன்", "நாய்க்குட்டி". வருகின்ற விருந்தாளிகளுக்கெல்லாம் "இவர்தான் கடிக்கிற ஆள்" என்று அறிமுகம். பிள்ளை பாராட்டு என்று நினைத்துச் சிரிக்கும். பிறகு அந்தப் பெயருக்குத் தக்கபடி நடக்கப் பார்க்கும்.

ஐந்தாவது, ஓதிப் பார்ப்பதும் நூல் கட்டுவதும். துஆவை நாங்கள் குறை சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் ஓதி ஊதித்தான் நித்திரையாக்குகிறோம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று படித்தவர்கள் நாம். பல் முளைக்கின்ற பிள்ளைக்கும், பசித்த பிள்ளைக்கும், பேச்சு வராத பிள்ளைக்கும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நூல் கட்டிவிட்டால் அந்த வேலை முடிந்துவிடாது.

"அந்தக் காலத்துல எங்களுக்கும் கொச்சிக்காய் பூசித்தான் நிப்பாட்டினாங்க, நாங்க கெட்டா போனம்?" என்று உம்மம்மாமார் கேட்பார்கள். மரியாதையோடு சொல்கிறோம். பேச்சு வந்து, பல் முளைத்து முடிய, பெரும்பாலான பிள்ளைகள் கடிப்பதைத் தாமாகவே நிறுத்திவிடும். கொச்சிக்காய் பூசிய பிள்ளையும் நிறுத்தும், பூசாத பிள்ளையும் நிறுத்தும். மழை விட்டதற்குக் குடையைப் புகழ்கிறோம், அவ்வளவுதான்.

இப்போது கடி வாங்கிய பிள்ளையின் உம்மாவிடம் பேச வேண்டும்.

சகோதரி, உங்கள் கோபம் நியாயமானது. காலையில் நல்லபடி அனுப்பிய பிள்ளை கையில் காயத்தோடு வந்தால் எந்த உம்மாவுக்கும் நெஞ்சு வெடிக்கும். "சின்னப் பிள்ளைதானே, விடுங்கள்" என்று உங்களிடம் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. முன்பள்ளியிடம் கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அந்த நேரம் டீச்சர் எங்கே இருந்தார், என்ன நடந்தது, முதலுதவி செய்தார்களா, இனி நடக்காமல் இருக்க என்ன செய்யப் போகிறார்கள். இவ்வளவையும் கேளுங்கள். பதில் வரும் வரை கேளுங்கள்.

காயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அன்று குழுமத்தில் விசர்நாய்க்கடி ஊசி போட வேண்டுமா என்று கூடக் கேட்டார்கள். சின்னப் பிள்ளை கடித்ததற்கு அந்தப் பயம் தேவையில்லை. கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடுகின்ற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றடம் கொடுங்கள். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால், அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள். மனித வாயிலும் கிருமி இருக்கிறது, காயம் பழுக்கலாம். இரண்டு பிள்ளைகளின் கிளினிக் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். இலங்கையில் பிள்ளைகளுக்கு 2, 4, 6 மாதங்களில் போடுகின்ற ஐங்கூட்டுத் தடுப்பூசியில் ஏற்பு வலிக்கும், ஹெபடைடிஸ் பி நோய்க்கும் பாதுகாப்பு இருக்கிறது. ஊசி தவறியிருந்தால் டொக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

ஆனால் சகோதரி, படத்தைப் போட்டதால் உங்கள் மகளின் கை ஆறியதா? உங்கள் மகளின் படமும் இப்போது முன்பின் தெரியாத எத்தனையோ போன்களில் இருக்கிறது. அதை இனி யாராலும் திருப்பி எடுக்க முடியாது. இன்னொன்று. உங்கள் மகளுக்கும் இப்போது இரண்டரை வயதுதான். நாளைக்கு அவள் யாரையாவது கடிக்க மாட்டாள் என்று உங்களால் எழுதித் தர முடியுமா? எங்களால் எங்கள் பிள்ளைகளுக்கு எழுதித் தர முடியாது.

அடுத்தது முன்பள்ளிகள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

பொதுவாக மூன்று வயதில் சேர்க்க வேண்டிய முன்பள்ளியில் இரண்டரை வயதுப் பிள்ளை எப்படி வந்தது? நாம்தான் கொண்டுபோய் விட்டோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது, நம்முடைய பிள்ளை பின்தங்கிவிடும் என்ற பயம். நிர்வாகமும் சேர்த்துக்கொண்டது, ஏனென்றால் தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். ஒரு ஹோலில் நாற்பது பிள்ளைகள், இரண்டு டீச்சர்மார். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றரை வரை கதிரையில் இருத்தி "அ" எழுது, "ஏ பி சி" எழுது. பென்சிலைச் சரியாகப் பிடிக்கின்ற பலம் விரலுக்கு வந்திருக்காது. வெளியில் ஒரு சறுக்கு, அதற்கும் வரிசை. ஒரே ஒரு சைக்கிள், அதற்கு நாற்பது பேர். மார்ச், ஏப்ரல் வெக்கை. பத்தரை மணிக்குப் பசி. இதில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கடிக்கிறது என்பதல்ல ஆச்சரியம். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளைதான் கடிக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

அந்த டீச்சர்மார் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவர்களுக்கு மாதம் கிடைப்பது ஒரு மேசன் கிழமையில் உழைப்பதைவிடக் குறைவு. நாற்பது பிள்ளைக்கு இரண்டு பேர் என்றால், ஒருவர் ஒரு பிள்ளையை மலசலகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் மீதி முப்பத்தொன்பதுக்கும் ஒரே ஆள். அந்த ஒரு நிமிடத்தில்தான் கடி நடக்கிறது. ஆனால் வருட முடிவில் விடுகை விழாவுக்கு ஹோல், மேடை, சவுண்ட், வீடியோ, பிள்ளைகளுக்குக் கறுப்புக் கவுனும் தொப்பியும் எடுக்கக் காசு இருக்கிறது. ஒரு உதவி டீச்சரை வைக்கக் காசு இல்லை. நான்கு வயதுப் பிள்ளைக்குப் பட்டதாரி உடுப்பு எதற்கு என்று பெற்றோர் கூட்டத்தில் நாம் ஒருவரும் கேட்டதில்லை. "இன்னும் எழுதப் படிப்பிக்கலையா?" என்றுதான் கேட்டோம். ஆக, இந்த நெரிசலில் நமக்கும் பங்கு இருக்கிறது.

"அப்ப கடிச்சாலும் ஒண்டும் சொல்லாம விடச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. விடச் சொல்லவில்லை. கடிப்பது பிழை என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். பிழை என்று சொல்வதற்கு அடியும் கொச்சிக்காயும் தேவையில்லை என்றுதான் சொல்கிறோம். வீட்டிலும் முன்பள்ளியிலும் செய்யக்கூடியது இதுதான்.

1. கடி நடந்தவுடன் இரண்டு பிள்ளைகளையும் பிரியுங்கள். முதலில் கடி வாங்கிய பிள்ளையிடம் போங்கள், தூக்குங்கள், தடவுங்கள். கடித்த பிள்ளையைச் சுற்றி ஊரே கூடிச் சத்தம் போட்டால், கவனம் அங்கே போகிறது. கவனம் காயத்துக்குப் போக வேண்டும்.

2. பிறகு கடித்த பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, கண்ணைப் பார்த்து, சிரிக்காமல், கத்தாமல், சின்ன வசனத்தில் சொல்லுங்கள்: "கடிக்கக் கூடாது. தங்கச்சிக்கு வலிக்குது." அவ்வளவு போதும். பத்து நிமிடப் பயான் இரண்டு வயதுக்கு ஏறாது.

3. அந்தப் பிள்ளைக்கு இல்லாத வார்த்தையைக் கொடுங்கள். "கார் வேணுமா? 'தா' எண்டு கேளு." "பக்கத்துல வர வேணாமா? 'வேணாம்' எண்டு சொல்லு, கையக் காட்டு." இதை ஒரு நாளில் பத்துத் தடவை, பல கிழமைகள் சொல்ல வேண்டி வரும். அது வேலைதான். ஆனால் அந்த வேலைதான் கடிப்பதை நிறுத்தும்.

4. பல் முளைக்கின்ற பிள்ளைக்குக் கடிக்க ஏதும் கொடுங்கள். ஈரத் துணியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கொடுங்கள். "ஆளக் கடிக்கக் கூடாது, இதக் கடிக்கலாம்" என்று சொல்லுங்கள்.

5. எப்போது, எங்கே, யாரை, அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு கிழமை எழுதினாலே தெரியும். எப்போதும் சாப்பாட்டுக்கு முன்னரா, நித்திரை நேரத்திலா, ஒரே விளையாட்டுச் சாமானுக்கா, ஒரே பிள்ளையோடா என்று. தெரிந்தால் அந்த நேரத்தில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்து, வாய் போவதற்கு முன் தடுக்கலாம்.

6. கடிக்காத நேரத்தில் கவனியுங்கள். கோபம் வந்தும் கடிக்காமல் "தா" என்று கேட்டால், "அச்சாப் புள்ள, வாயால கேட்டீங்க" என்று சொல்லுங்கள். கடித்தால் மட்டும் பார்ப்பவர்களுக்குக் கடித்துத்தான் காட்டும்.

7. செல்லக் கடி கடிக்கின்ற சாச்சாமாரை நிறுத்துங்கள். கொஞ்சுவதற்கு முத்தம் இருக்கிறது.

8. மூன்று, மூன்றரை வயது தாண்டியும் அடிக்கடி கடித்தால், தன்னைத் தானே கடித்துக்கொண்டால், இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காவிட்டால், வெட்கப்படாமல் மிட்வைப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். கிளினிக்கில் டொக்டரிடம் காட்டுங்கள். காது கேட்பதைப் பரிசோதியுங்கள். கேட்காத பிள்ளைக்குப் பேச்சு வராது, பேச்சு வராத பிள்ளை பல்லால் பேசும். நேரத்தோடு பார்த்தால் எவ்வளவோ செய்யலாம். "ஊர் என்ன சொல்லும்" என்று மறைத்து வைத்தால் வருடங்கள் போய்விடும்.

முன்பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு விடயம். ஒரு கடி நடந்தால் இரண்டு பெற்றோருக்கும் தனித்தனியாக, அன்றைக்கே, நீங்களே சொல்லுங்கள். கடித்தது யார் என்று மற்றப் பெற்றோரிடம் சொல்லாதீர்கள். பிள்ளையைப் பராமரிக்கின்ற வேலைக்குப் பணம் வாங்குகின்ற இடம், பராமரிப்புத் தேவைப்படுகின்ற முதல் நாளிலேயே அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பினால், அந்த இடத்துக்குப் பெயர் என்ன? திருப்பி அனுப்பியதால் அந்தப் பிள்ளை கடிப்பதை மறந்துவிடாது. பத்துப் பிள்ளைகளோடு பழகிப் படிக்க வேண்டிய பாடத்தைத் தனியாக வீட்டுச் சுவரோடு எப்படிப் படிக்கும்?

மார்க்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் அன்று அந்தக் குழுமத்தில் அதிகம் பேசியவர்கள் மார்க்கம் பேசுகின்றவர்கள். தனக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரைக் கூட முத்தமிட்டதில்லை என்று சொன்ன அக்ரஃ பின் ஹாபிஸ் அவர்களிடம் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பேரப்பிள்ளை முதுகில் ஏறியபோது ஸுஜூதையே நீட்டியதும் தெரியும். பருவமடையும் வரை பிள்ளையின் கணக்கில் குற்றம் எழுதப்படாது, அதற்குரிய பேனா உயர்த்தப்பட்டிருக்கிறது என்று ஓதப் போன காலத்திலேயே நமக்குச் சொல்லித் தந்தார்கள்.

அல்லாஹ் எழுதாததை நாம் வட்ஸ்அப்பில் எழுதிவிட்டோம். அவன் பேனாவை உயர்த்திய இடத்தில் நாம் போனைத் தூக்கினோம். அடுத்தவருடைய குறையை மறைப்பதன் சிறப்பை வெள்ளிக்கிழமை கேட்டுவிட்டு வருகிறோம். குறையென்று சொல்ல முடியாத ஒன்றைச் செவ்வாய்க்கிழமை ஊருக்கே பரப்புகிறோம்.

இனிக் கடைசிப் பகுதி. நீளமென்று நேரே இங்கே வந்தவர்களும் வாசியுங்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எங்களில் இருவர் குடும்பத்தோடு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். உம்மா தையல் மெசினை மூடி வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு தைக்க யாரும் துணி கொண்டு வரவில்லையாம். தனக்குள் பேசுவது போல, "புள்ளக்கி கொச்சிக்காய் பூசச் சொல்லி மாமி சொன்னாங்க, பூசிட்டன்" என்று சொல்லிவிட்டு அழுதார். பிள்ளை எங்களுக்கு முன்னால் வரவில்லை. பையையும் தண்ணீர்ப் போத்தலையும் மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றது. தினமும் காலையில் அப்படித்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறதாம்.

ஆகவே நாங்கள் கேட்பது நான்கு விடயம்.

அந்தப் படம் யார் யாருடைய போனில் இருக்கிறதோ, இன்றைக்கே அழியுங்கள். குழும அட்மின்மார் அந்தப் பேச்சுகளை நீக்கிவிட்டு, பிள்ளைகளின் பெயரும் படமும் இனி வரக்கூடாது என்று ஒரு விதி போடுங்கள்.

அந்த முன்பள்ளி நிர்வாகம் திங்கட்கிழமை அந்தப் பிள்ளையைத் திரும்ப எடுக்க வேண்டும். வயது காணாது என்றால், அந்த வயதில் சேர்த்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நியாயம் வைக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்கு மட்டும் வயது ஞாபகம் வரக்கூடாது. பள்ளி நிர்வாக சபையில் இருக்கின்ற பெரியவர்களிடம் இதைப் பேசித் தரும்படி நேரிலும் கேட்கப் போகிறோம்.

இந்த வருடம் விடுகை விழாவின் கவுன் காசை ஒரு உதவி டீச்சருக்குக் கொடுப்போம் என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவராவது எழுந்து சொல்லுங்கள். ஒருவர் எழுந்தால் நாங்களும் எழும்புவோம்.

அந்தத் தையல் வீட்டுக்கு ஒரு துணி கொண்டு போங்கள். பெருநாளைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லாதீர்கள்.

எங்களுடைய பங்கையும் சொல்லிவிடுகிறோம். வாங்கின் ஓரத்தில் தனியாக இருந்த பையனை நடுவில் இருத்தியிருக்கிறோம். பக்கத்தில் இருத்த வேண்டாம் என்று சொன்ன உம்மாவின் மகன்தான் இப்போது அவனுக்குப் பக்கத்தில் இருக்கிறான். இரண்டு பேரும் ஒரே றப்பரைத்தான் பாவிக்கிறார்கள். அதற்குச் சண்டையும் பிடிக்கிறார்கள், வாயால்.